பழைய டோட்டல் ஸ்டேஷன் வாங்கப் போகிறீர்களா? 1,85,000 ரூபாய் போன கதை

1,85,000 ரூபாய். நிலம் அளக்க, தூரமும் கோணமும் காட்டும் டோட்டல் ஸ்டேஷன் கருவிக்காக, பெங்களூர் மார்க்கெட் பக்கம் பழைய சர்வே கருவி வாங்கி விற்கும் ஒரு கடையில் செவ்வாயன்று எண்ணிக் கொடுத்தது. இன்று சனி.

ஏமாந்த இடம் இதுதான்: கடைக்காரர் வாசலில் ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி, சந்து முனையில் பிரிசத்தை (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) வைத்து, டேப்பும் இழுத்துக் காட்டினார். டேப்பில் 30 மீட்டர், திரையிலும் 30.000. "நம்ம ஆளுக்குத் தப்பான மிஷினைக் கொடுப்பேனாண்ணே?" என்று தமிழில் வேறு கேட்டார். கருவித் திரையில் பிரிசம் கான்ஸ்டன்ட் (அந்தந்தப் பிரிசத்துக்காக அளவில் கூட்டிக் கழிக்கும் மி.மீ.) பக்கத்தைத் திறந்திருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். பிரிசத்தில் அச்சிட்டிருப்பது மைனஸ் 30, கருவிக்குள் போட்டிருந்தது மைனஸ் 12. கருவி 18 மி.மீ. குறைத்து அளக்கிறது, அதை எண்ணை மாற்றி மூடியிருக்கிறார்கள்.

நான் செய்து பார்த்த சோதனை: மைனஸ் 30 போட்டு, நேர்கோட்டில் மூன்று ஆணி. முதல் இடைவெளி 30 மீட்டர், அடுத்தது 50. இரண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால், முழு 80-ஐ ஒரே மூச்சில் அளந்ததைவிட 18 மி.மீ. குறைவு. டேப்பே தேவையில்லாத சோதனை. (டிராவர்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக அளந்து சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருவது, சரியாக மூடுகிறதே என்று நிம்மதியடையாதீர்கள். சதுரமாகச் சுற்றினால் எதிரெதிர்ப் பக்கத்துப் பிழைகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.)

இது மட்டுமென்றால் எண்ணைத் திருத்திப் பிழைக்கலாம். ஆனால் பிரிசத்தை ஒவ்வொரு மீட்டராக நகர்த்தினால் பிழை ஏறி இறங்கி, 10 மீட்டருக்கு ஒருமுறை பழைய இடத்துக்கே வருகிறது. கருவி தூரம் அளக்க ஒளியில் ஏற்றி அனுப்பும் 15 மெகாஹெர்ட்ஸ் பண்பேற்றத்தின் (மாடுலேஷன்) அரை அலைநீளம் அதுதான். அனுப்பும் சுற்றின் சிக்னல் வாங்கும் சுற்றில் கசிகிறது, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போச்சு.

கடையில் முதல் பதில்: "பெங்களூர் உயரம்ணே, பிபிஎம் போடலை." பிபிஎம் என்பது காற்றழுத்தம், வெப்பத்துக்காகப் போடும் திருத்தம். இங்கே காற்றழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்ட அளவான 1013 என்றே விட்டால் வெயில் நேரத்தில் கிலோமீட்டருக்கு 40 மி.மீ. வரை குறையும், சரி. 30 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்தானே வரும்? அடுத்த பதில், "உங்க பிரிசம் டூப்ளிகேட்." கொண்டுபோனது அவர் கொடுத்த பிரிசம்! நேற்று கடைப் பையன்: "ஓனர் ஓசூர் போயிருக்கார் சார்." 1,85,000 வாங்கும்போது எங்கேயும் போகவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமையில்லை. உங்கள் பிரிசத்தைக் கொண்டுபோங்கள். கான்ஸ்டன்டைப் பாருங்கள். மூன்று ஆணி சோதனை முடியாமல் பணம் எடுக்காதீர்கள். கருவி சரியாக அளக்கிறது என்று தரும் காலிபரேஷன் சான்றிதழில் சீரியல் நம்பர் கருவியோடு ஒத்துப்போகிறதா, என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் இந்திய அமைப்பு) முத்திரை இருக்கிறதா பாருங்கள். எனக்குக் கொடுத்தது வெறும் ஸ்டிக்கர். திங்களன்று மறுபடி கடைக்குப் போகிறேன்.