நான்கு நாள் அலைச்சலும் ஓர் எல்லைக்கல்லும்

இந்த முறை ஊருக்குப் போனது ஒரே வேலைக்கு. அப்பா விட்டுப்போன மூன்றேகால் ஏக்கர் பூர்வீகப் புஞ்சையை என்ன செய்வது என்று அக்கா, தம்பி, நான் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். நிலம் ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில். எனக்கு இருந்ததோ, சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு விடுகிற மார்ச் மாத ஒரு வார விடுமுறை.

வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், கூட்டுப் பட்டா எல்லாம் வந்துவிட்டன. மாட்டிக்கொண்டது அளவையில். உட்பிரிவு செய்ய சர்வேயர் வர வேண்டும். மனுவை இணையத்தில் போட்டுப் பணமும் கட்டியபோது, அட நம்ம ஊரா இது என்று இருந்தது.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்துருவேன் சார்" என்றார் சர்வேயர். சீமைக்கருவேலை வெட்டிப் பாதை போட்டுவிட்டு, ஒற்றைப் பனை நிழலில் உட்கார்ந்தேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். புதன்கிழமை போன் எடுக்கவில்லை. வியாழக்கிழமை "மீட்டிங்ல இருக்கேன்". சிங்கப்பூரில் பத்து நிமிடம் தாமதம் என்றால்கூட குறுஞ்செய்தி வந்துவிடும் என்று தம்பியிடம் பொருமினேன். "அரசாங்கம் கட்டுன வீவக அடுக்குமாடி வீட்டுல 99 வருசக் குத்தகைக்கு இருக்க. அங்க உனக்கு அளக்க என்ன இருக்கு?" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பைக் வந்தது. புலப்படத்தை, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தை, விரித்தார், வடகிழக்கு மூலைக்கல்லைக் காணோம். முள்ளுக்குள் ஒரு மணி நேரம் கிளறினோம், என் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். "அரசாங்கக் கல்லைக்கூட காப்பாத்தத் தெரியல இந்த ஊருக்கு" என்று கத்தியேவிட்டேன். மோர் கொண்டுவந்த அம்மா சாவகாசமாகச் சொன்னார்: "நம்ம ஆட்டுக் கொட்டாய்ல கிடக்கே, அதாண்டா. சாஞ்சு கிடந்துச்சுன்னு உங்கப்பாதான் தூக்கிட்டு வந்தாரு, கிடாயக் கட்ட."

சர்வேயர் சிரிக்கக்கூட இல்லை. "கல்லைப் பிடுங்குறது குத்தம் சார்" என்றவர், பக்கத்துப் புலத்துக் கற்களிலிருந்து அளந்து நாற்பது நிமிடத்தில் மூலையைக் காட்டிவிட்டார். அந்த நாற்பது நிமிடத்துக்கு நான்கு நாள்! (வேலை சுத்தம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அன்று ராத்திரி பேச்சு. தம்பிக்கு இறால் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்துவிட ஆசை. அக்கா ஒப்பவில்லை. கீழ்ப்பக்கத்து நிலத்தில் இறால் குளம் வெட்டியதிலிருந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. "நம்ம குண்டு மிளகாய்க்கு 2023-லயே புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு, இப்பப் போய் விக்கிறியா?" என்றாள். "குறியீடு வந்துச்சு, பழம் பறிக்க ஆள் வந்துச்சா?" என்றான் அவன். உனக்குத்தான் நகை போட்டாச்சே என்று அவன் இழுத்தபோது, "பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, அதுக்கப்புறம்தான் என் கல்யாணம், 1994-ல" என்று அக்கா ஒரே போடாகப் போட்டாள்.

தம்பி பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழியில்லை. என் கையில் சிங்கப்பூர் பாஸ்போர்ட். வாரிசாக வந்த விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்க முடியாது. விற்றாலும் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான். கடைசியில் அக்கா, தம்பி பங்கைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். என் பங்குக்கு அங்கிருந்தே பவர் எழுதி, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னாள். தம்பி இன்னும் விலை சொல்லவில்லை.

கிளம்புகிற காலையில் கொட்டாய்ப் பக்கம் போனேன். புதுக்கல் நட்டாயிற்று, பழைய கல்லில் கிடாய் கட்டியிருந்தது.