முடிவு படமாக்கப்படாத ஒரு தொடர்: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ டிவிடித் தொகுப்பு

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1983 செப்டம்பர் 17 அன்று தொடங்கி, 1985 டிசம்பரில் கதை முடியாமலேயே நின்றுபோன கார்ட்டூன் தொடர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’; கற்பனைப் பாத்திரங்களாக நடித்து ஆடும் அதே பெயருடைய மேசை விளையாட்டிலிருந்து பிறந்தது. அதன் 27 அத்தியாயங்களையும் 5 வட்டுகளில் அடக்கி, பிசிஐ எக்லிப்ஸ் நிறுவனம் 2006 டிசம்பரில் ஒரு டிவிடித் தொகுப்பை வெளியிட்டது. அந்தத் தொகுப்பை முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை வரிசை மாறாமல் பார்த்து முடித்த நிலையில் இதை எழுதுகிறேன். சிறுவயதில் விரும்பிப் பார்த்தவற்றை நடுவயதில் மீண்டும் பார்க்கும்போது பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும் என்பார்கள். இந்தத் தொடர் எனக்கு அப்படி அமையவில்லை. பள்ளி நாட்களில் துண்டுதுண்டாகப் பார்த்தபோது கண்ணில் படாத ஒன்று, முழுவதையும் தொடர்ந்து பார்க்கையில் துலங்குகிறது. அரக்கர்களும் டிராகன்களும் எத்தனை வந்தாலும், வீடு திரும்ப முடியாத ஆறு பிள்ளைகளின் ஏக்கமே இந்தக் கதையின் உயிர்.

அன்றைய அமெரிக்கச் சனிக்கிழமைக் காலையின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தொகுப்பின் அருமை விளங்கும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பெரிய நிறுவனங்களும் சனிக்கிழமை காலை நேரத்தைச் சிறுவர் கார்ட்டூன்களுக்கென்றே ஒதுக்கியிருந்தன. ஒரு தொடருக்கு முதல் ஆண்டில் 13 அத்தியாயங்கள் எடுப்பார்கள். அவை தீர்ந்ததும் அவற்றையே ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி ஒளிபரப்புவார்கள். பழையவை கைவசம் இருப்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளில் புதியவை குறைந்துவிடும். இந்தத் தொடரிலும் முதல் பருவத்துக்கு 13, இரண்டாம் பருவத்துக்கு 8, மூன்றாம் பருவத்துக்கு 6 என்றே எண்ணிக்கை இறங்குகிறது. எங்கள் வீட்டில் அப்போது வீடியோப் பதிவுக் கருவி கிடையாது. ஒரு வாரம் தவறவிட்டால், அந்த அத்தியாயம் மறுபடி எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் எது முந்தியது, எது பிந்தியது என்று புரியாது. ஆகவே, எங்கள் தலைமுறையில் பலர் இந்தத் தொடரை வரிசையாகப் பார்த்ததே இல்லை. கேபிள் தொலைக்காட்சியின் பெருக்கத்தாலும், சிறுவர் நிகழ்ச்சிகள் குறித்த புதிய சட்டங்களாலும் அந்தச் சனிக்கிழமை வழக்கமே மெல்லத் தேய்ந்து, 2014 செப்டம்பரோடு அமெரிக்கப் பொது ஒளிபரப்பிலிருந்து மறைந்தது.

கதையின் தொடக்கம் விசித்திரமானது. பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்ற ஆறு பேர், அங்கே ஓர் இருட்டுக் குகைச் சவாரியில் ஏறுகிறார்கள்; ஏறியவர்கள் வேறோர் உலகத்தில் போய் விழுகிறார்கள். இதற்கென்று தனி அத்தியாயம் எதுவும் எடுக்கப்படவில்லை. தொடக்கப் பாடல் காட்சியின் ஒரு நிமிடத்திலேயே அனைத்தும் சொல்லி முடிக்கப்படுகிறது. டன்ஜன் மாஸ்டர் என்ற குள்ள உருவ முதியவர் தோன்றி, ஆளுக்கோர் ஆயுதம் தருகிறார். தலைவன் ஹாங்குக்கு ஒளி அம்புகளை எய்யும் வில், எரிக்குக்குக் கேடயம், டயானாவுக்குக் கோல், பிரெஸ்டோவுக்கு மந்திரத் தொப்பி, ஷீலாவுக்கு உருவை மறைக்கும் மேலங்கி, அவளுடைய தம்பி பாபிக்குக் கதாயுதம். பாபியை விட்டுப் பிரியாத ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டி யூனியும் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆயுதங்களைக் கைப்பற்றத் துடிக்கும் ஒற்றைக்கொம்புத் தீய மந்திரவாதி வெஞ்சரும், அவனே அஞ்சி ஒதுங்கும் ஐந்து தலை டிராகன் டியாமட்டும் எதிர்ப்புறத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வீட்டுக்குச் செல்லும் வாசல் ஒன்று திறக்கக்கூடும் என்ற நம்பிக்கை துளிர்க்கிறது. ஒவ்வொரு முறையும் யாரையோ காப்பாற்றுவதற்காக அந்த வாசலை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்கிறது.

வாரம் ஒன்றாகப் பார்த்தபோது இது சலிப்பூட்டும் வாய்பாடாகவே எனக்குத் தெரிந்தது. தொடர்ந்து பார்க்கும்போதுதான் அந்த விட்டுக்கொடுத்தல்களின் கனம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதை உணர முடிகிறது. முதல் பருவத்தில், எலும்புக்கூடு வீரனின் கதையாக வரும் அத்தியாயத்தில், பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் உள்ளத்தில் புதைந்துள்ள அச்சத்தை நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். டயானா கண்முன்னே முதுமை அடைகிறாள். ஷீலா யாருமற்ற வெளியில் தனியாக நிற்கிறாள். சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் ஒன்று சிறுவர்களிடம் இதைப் பேசத் துணிந்தது என்பதை இப்போது பார்த்தாலும் வியப்பாகவே இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் ஹாங்க் தன் நண்பர்களையே காட்டிக்கொடுப்பவனாகத் தோன்றும் அத்தியாயம் வருகிறது. பாபி வெஞ்சரின் பிடியில் இருக்கிறான் என்ற உண்மையை வெளியே சொல்ல முடியாமல், தலைவன் துரோகிப் பட்டத்தைச் சுமக்கிறான்.

இந்த வரிசையில் உச்சம் என்று நான் கருதுவது, மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய, டிராகன்களின் மயானத்தில் நடக்கும் இரண்டாம் பருவ அத்தியாயம். வீடு திரும்பும் வாய்ப்பு மீண்டும் கைநழுவிப் போனதும், பிள்ளைகள் பொறுமை இழக்கிறார்கள். இனி ஓடி ஒளிவதில்லை, வெஞ்சரை ஒழித்துவிடுவது என்று முடிவெடுத்து, டியாமட்டிடமே உதவி கேட்டுப் போகிறார்கள். கடைசியில் வெஞ்சர் செயலற்றுக் கிடக்க, ஹாங்க் வில்லை ஏந்தி அவன் முன் நிற்கிறான். அவனைக் கொன்றால் தாமும் அவனைப் போலவே ஆகிவிடுவோம் என்று உணர்ந்து அம்பைத் திருப்பிவிடுகிறான். சிறுவயதில் இந்தக் காட்சி எனக்கு ஆத்திரமூட்டியது நன்றாக நினைவிருக்கிறது. முந்தைய அத்தியாயங்களின் இழப்புகள் அனைத்தையும் அறிந்த பிறகு பார்க்கையில், அந்தச் சில நொடித் தயக்கத்தில் ஹாங்க் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறான் என்பது விளங்குகிறது. வரிசையாகப் பார்ப்பதனால் கிட்டும் பயனுக்கு இதைவிடச் சிறந்த சான்று இந்த வட்டுகளில் இல்லை.

எரிக் என்ற பாத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை, எப்போதும் முணுமுணுப்பான், டன்ஜன் மாஸ்டரின் புதிர்களை வெளிப்படையாகவே பழிப்பான். தொடரின் அடிப்படையை வகுத்தவர்களில் ஒருவரான மார்க் எவனியர், இந்தப் பாத்திரம் அன்றைய கட்டாயத்தால் அமைந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். கூட்டத்தின் கருத்தே எப்போதும் சரி, எதிர்த்துப் பேசுபவன் எப்போதும் தவறு என்ற பாடத்தைச் சிறுவர் நிகழ்ச்சிகள் புகட்ட வேண்டும் என்று அமைப்புகளும் ஆலோசகர்களும் அப்போது வலியுறுத்தினார்கள். அந்தப் பாடத்தில் எவனியருக்கு உடன்பாடு இருக்கவில்லை. இதை அறிந்து பார்த்தால் எரிக் மீது தனிப் பரிவு பிறக்கிறது, ஏனெனில் அவன் சொல்வது பல இடங்களில் சரியாகவே இருக்கிறது. எழுத்தாளர்களும் அவனைக் கைவிட்டுவிடவில்லை. டன்ஜன் மாஸ்டரின் ஆற்றல் ஒருநாள் எரிக்கின் கைக்கு வரும் அத்தியாயத்தில், முணுமுணுக்கும் அந்தப் பிள்ளையே மற்றவர்கள் வீடு போய்ச் சேர்வதற்காகத் தான் பின்தங்கி வெஞ்சரை எதிர்கொள்ளத் துணிகிறான்.

மூன்றாம் பருவத்தின் 6 அத்தியாயங்கள் ஒரே தரத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய விமானி ஒருவன் இந்த உலகத்துக்குள் வந்து விழும் கதை துணிச்சலானது. பின்னாளைய போர் விமானத்தை ஹிட்லர் தரப்புக்குக் கொடுத்து வரலாற்றையே திருப்பிவிட வெஞ்சர் போடும் திட்டமும், அந்த விமானி இறுதியில் எடுக்கும் நிலைப்பாடும் நெஞ்சில் நிற்பவை. வெஞ்சருக்கு ஒரு சகோதரி இருப்பதைச் சொல்லும் அத்தியாயமும் நன்று. மற்றவை போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போகத்தக்கவை. கடைசி அத்தியாயம் எந்த முடிவையும் தராமல், இன்னொரு வாரம் இருக்கிறது என்ற பாவனையிலேயே நின்றுவிடுகிறது.

குரல் நடிப்பின் பெருமையைத் தனியே குறிப்பிட வேண்டும். வெஞ்சருக்கு பீட்டர் கல்லனும், யூனிக்கும் டியாமட்டுக்கும் ஃபிராங்க் வெல்கரும் குரல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்ற புகழ்பெற்ற இயந்திர மனிதர் தொடரில் இதே இருவரும் நல்லவர் தலைவனாகவும் கெட்டவர் தலைவனாகவும் பேசினார்கள். கல்லனின் குரலில் கனிவை மட்டுமே கேட்டுப் பழகியவர்கள், அதே குரல் இங்கே இத்தனை குளிர்ந்த கொடூரத்தோடு ஒலிப்பதை அவசியம் கேட்க வேண்டும். ஷீலாவுக்குக் குரல் தந்த கேட்டி லீயின் நுட்பம் ஹெட்ஃபோனில் கேட்கையில் மேலும் நன்றாகப் புலப்படுகிறது.

படத் தரத்தைப் பொறுத்தவரை நான் முழு நிறைவு கொள்ளவில்லை. பழைய தொலைக்காட்சிக்குரிய 4:3 சட்டகம் மாறாமல் இருப்பது சரியே. ஆனால் படச்சுருளின் கீறல்களும் தூசிப் புள்ளிகளும் பல இடங்களில் அப்படியே தெரிகின்றன. இருட்டுக் காட்சிகளில் நிறங்கள் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஜப்பானின் டோய் நிறுவனக் கலைஞர்கள் வரைந்த பின்னணி ஓவியங்கள், குறிப்பாக நான்கு சூரியன்கள் காயும் பாலைநிலங்களும் அந்தரத்தில் மிதக்கும் பாறைகளும், இதைவிடத் தெளிவான பதிவுக்கு உரியவை. இன்றைய பெரிய திரைகளில் குறை பளிச்சென்று தெரியும். சிறிய திரையில் பார்ப்பதே நல்லது.

இந்தத் தொகுப்பை நான் போற்றுவதற்கு முதன்மைக் காரணம், அதில் சேர்க்கப்பட்டுள்ள ‘ரெக்வியம்’ என்ற ஒலி நாடகம். தொடருக்கு உரிய முடிவாக ரீவ்ஸ் எழுதிய இந்தத் திரைக்கதை, தொடர் நிறுத்தப்பட்டதால் படமாகவில்லை. அந்த வெற்றிடத்தில் பல ஆண்டுகளாக ஒரு வதந்தி பரவியிருந்தது. பிள்ளைகள் சவாரியிலேயே இறந்துவிட்டார்கள், அவர்கள் இருப்பது நரகம் என்பது அந்தக் கதை. அதில் உண்மை எதுவும் இல்லை என்பதை எவனியரும் ரீவ்ஸும் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ரீவ்ஸ் எழுதிய முடிவு கருணை நிறைந்தது. வெஞ்சர் டன்ஜன் மாஸ்டரின் மகன் என்பது அதில் வெளிப்படையாகிறது. இதற்கான குறிப்பு இரண்டாம் பருவத்தில் ஓரிடத்தில் முதியவரின் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வெஞ்சர் மீட்கப்பட்டதும் வீட்டுக்கான வாசல் திறக்கிறது. போவதா, இருப்பதா என்ற தேர்வைப் பிள்ளைகளின் கையில் விட்டுவிட்டுக் கதை நிற்கிறது. வானொலி நாடகமாக இதைத் தயாரித்து, கேட்டி லீயையே மீண்டும் ஷீலாவாகப் பேச வைத்திருக்கிறார்கள். மற்றக் குரல்கள் மாறியிருப்பது முதலில் உறுத்துகிறது. சற்று நேரத்தில் கதை நம்மை இழுத்துக்கொள்கிறது. ஒரு சிறு நிறுவனம், நின்றுபோன ஒரு சிறுவர் தொடரின் ரசிகர்களுக்கு இந்த அளவு மரியாதை காட்டியதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

உருவாக்கத்தைப் பற்றிய பகுதிகளும், ஆறு பேரின் திறன்களை மூல விளையாட்டின் 3.5 பதிப்பு விதிகளின்படி தொகுத்துத் தரும் கையேடும் உடன் வருகின்றன. விளையாடுபவர்களுக்கு அந்தக் கையேடு பயன்படும். அந்த விளையாட்டு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கப் பெற்றோரிடையே அப்போது பெரும் பீதி நிலவியதையும், 1985இல் சிபிஎஸ்ஸின் செய்தி நிகழ்ச்சியே அதை விவாதப் பொருளாக்கியதையும் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். அதே நிறுவனம் சனிக்கிழமை காலையில் அதே பெயரில் ஒரு கார்ட்டூனை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது என்பது முக்கியமான வரலாறு. பிரேசிலில் இந்தத் தொடர் அமெரிக்காவைவிடப் பெரிய செல்வாக்குப் பெற்றதும் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி. அங்கே 2019இல் வந்த ஒரு கார் விளம்பரம், நடிகர்களைக் கொண்டு இந்த ஆறு பேரையும் வீடு சேர்த்துவைத்தது. நாடு முழுவதும் அதைக் கொண்டாடினார்கள்.

வாங்க எண்ணுபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிசிஐ எக்லிப்ஸ் மூடப்பட்டுவிட்டதால் 2006 பதிப்பு இப்போது கைமாறிய பிரதியாகவே கிடைக்கும். 2009இல் மில் கிரீக் நிறுவனம் 27 அத்தியாயங்களையும் 3 வட்டுகளில் அடக்கி மலிவாக வெளியிட்டது. கதையை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது பொருந்தும். ‘ரெக்வியம்’ வேண்டுமென்றால் பழைய 5 வட்டுத் தொகுப்பையே தேடுங்கள். உறையின் பின்புறத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இவை வட அமெரிக்காவுக்கான மண்டலம் 1 வட்டுகள் என்பதால், இந்தியாவிலும் இலங்கையிலும் விற்கப்படும் சாதாரணக் கருவிகளில் ஓடாமல் போகலாம். எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி தேவைப்படும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் போகாமல், பருவ வரிசையை மாற்றாமல் பார்த்து, ஒலி நாடகத்தை மற்ற அனைத்தும் முடிந்த பிறகே கேளுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டால், இரண்டாம் பருவத்தில் முதியவர் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும்.