ஸ்புரூஸ் மரத்தில் வண்டு விழுந்தால்: வெட்டுவதா, விடுவதா?

ஜெர்மனியின் பவேரிய மலைக்காட்டில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இது. ஸ்புரூஸ் என்பது ஊசியிலை மரம். அதன் பட்டைக்குள் புகுந்து மரத்தையே சாகடிக்கும் பட்டை வண்டு ஏறினால், மரத்தை உடனே வெட்டி அகற்ற வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், காட்டின் போக்கிலேயே விடுங்கள் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

முதலில் மரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வண்டின் நீளம் அரை சென்டிமீட்டர்தான். ஆண் வண்டு முதலில் வந்து துளைக்கும். நீர் குறையாத மரம் என்றால் அந்தத் துளையில் பிசினைப் பொங்கவிட்டு வண்டை மூழ்கடித்துவிடும். ஆனால் வண்டு அந்தப் பிசினில் இருக்கும் ஒரு பொருளையே வாசனையாக மாற்றிக் கூட்டத்தை அழைக்கிறது. நூற்றுக்கணக்கில் வந்து துளைத்தால் எந்த மரத்துக்கும் பிசின் போதாது. வறட்சியில் வாடிய மரமோ சில வண்டுகளுக்கே தோற்றுவிடும். செத்த மரத்தின் பட்டையை உரித்தால் நடுவில் ஒரு நெடுங்கோடு, அதன் இருபுறமும் புழுக்கள் தின்று போன வரிகள். அச்சடித்த பக்கம் மாதிரியே இருக்கும். ஜெர்மன் மொழியில் இந்த வண்டின் பெயரே ‘புத்தகம் அச்சடிப்பவன்’.

வெட்டும் வழியில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. ஊசியிலை சிவந்த பிறகு வெட்டினால் பெரும்பாலும் வண்டு பறந்திருக்கும். அடிமரத்தில் காப்பித்தூள் போலப் பழுப்புப் பொடி கொட்டும்போதே கண்டுபிடித்து, சில வாரங்களுக்குள் மரத்தைக் காட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். கோடை சூடாக இருந்தால் வண்டு ஒரே ஆண்டில் இரண்டு, மூன்று தலைமுறை பெருகும். அப்போது ஆட்களால் ஈடுகொடுக்க முடியாது.

விடும் வழிக்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. 1970இல் தொடங்கிய பவேரிய வனத் தேசியப் பூங்காவில், 1983 புயலில் சாய்ந்த மரங்களை அப்படியே கிடக்கவிட்டார்கள். 1990களில் வண்டு பெருகி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் ஸ்புரூஸ் பட்டுப்போனது. ஊர்க்காரர்கள் கொதித்ததில் தப்பே இல்லை, அது அவர்கள் பார்த்து வளர்ந்த காடு. ஆனால் யாரும் நடாமலேயே ரோவன், பீச் கன்றுகள் வந்தன. மட்கிக் கிடந்த மரங்களின் முதுகிலேயே ஸ்புரூஸ் கன்றும் முளைத்தது.

வண்டை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் பொறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டு எப்போது பறக்கிறது என்று கண்காணிக்க உதவும், பெருகிவிட்ட வண்டை அடக்காது. வெட்டிச் சாய்த்த மரத்தின் பட்டையில் நெருக்கமாகக் கீறல் போடும் முறைதான் எனக்குப் பிடித்தது. பட்டைக்குள் இருக்கும் புழு காய்ந்து சாகும், மரமோ காட்டிலேயே கிடந்து மற்ற பூச்சிக்கும் காளானுக்கும் வீடாகும். புழு வண்டாக மாறுவதற்குள் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பூங்காவின் உள்பகுதியில் ஒரு மரத்தைக்கூடத் தொடக்கூடாது. எல்லையோரம் வேறு கணக்கு. அங்கே குறைந்தது 500 மீட்டர் அகலத்துக்கு வண்டு விழுந்த மரத்தைப் பூங்காவே வெட்டுகிறது. அப்புறம் இருப்பது பக்கத்து விவசாயி மரம் விற்றுப் பிழைக்கும் காடு.