ஆறு வருட டயல்-அப்: லைன் அறுந்த கதை

1999 முதல் 2005 வரை பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் டயல்-அப்தான், அதாவது போன் லைன் வழியாக எண்ணை அழைத்து இணையத்தில் சேர்வது. கொம்தார் வளாகத்தில் வாங்கிய, மேசைமேல் வைக்கிற 56கே மோடம்; கணினியைப் போன் லைனோடு இணைக்கும் பெட்டி. அதில் பாதிக் காலம் நான் வாய் வலிக்கத் திட்டியது அந்த மோடத்தைத்தான். பாவம்.

கீச்சென்று கத்திவிட்டு, விநாடிக்கு 48,000 பிட் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டி வைத்திருந்த கடிதங்களை அனுப்பத் தொடங்கியதும் லைன் அறுந்துவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர், மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். விண்டோஸை மறுபடி ஏற்றச் சொன்னார், ஒரு சனிக்கிழமை அதிலேயே போனது.

எதிர்வீட்டு மாமா தொலைபேசி லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு நம்பரை அமுக்குப்பா. டோன் நின்னதும் காதை வச்சுக் கேளு” என்றார். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். வீட்டிலிருந்த எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, லைன் உள்ளே நுழையும் முதல் சாக்கெட்டில், மற்றக் கிளைகளைத் துண்டித்துவிட்டு, ஒரே ஒரு போனை மாட்டிக் கேட்டோம். சத்தமே இல்லை. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள்ளேதான்.

சமையலறைச் சாக்கெட்டைத் திறந்தால் உள்ளே எறும்புக் குடித்தனம். திருகுகளில் பச்சைக் களிம்பு. ஈரம் ஏறினால் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்சாரம் கசியும். மழைக்கும் மோடத்துக்கும் இருந்த பகை இதுதான். அந்தக் கிளையையே வெட்டிவிட்டோம்.

அதன்பிறகும் சில நாள் அறுந்தது. மணியைக் குறித்து வைத்துப் பார்த்தேன்: எல்லாம் இரவு எட்டரைக்கு மேல், கூலிமிலிருந்து அக்கா அம்மாவைக் கூப்பிடும் நேரம். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வருவதைச் சொல்லும் கால் வெயிட்டிங் ‘பீப்’ வந்தால் மோடத்துக்கு எதிர்முனையின் ஒலி ஒரு கணம் தொலைந்துபோகும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை மோடத்துக்குள் இருக்கும் எஸ்10 என்ற அமைப்பு எண் தீர்மானிக்கிறது. என் மோடத்தில் அது 14, அதாவது 1.4 விநாடி. அதை 50 ஆக்கி ஐந்து விநாடி கொடுத்தேன். பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. அக்காவுக்கோ மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டோம். அந்த வழக்கு தனி. கால் வெயிட்டிங்கையே நிறுத்திவிடலாம்தான், அம்மா சம்மதிக்கவில்லை.

கடைசி மருந்து, வேகத்தைக் குறைப்பது. 56கே தருகிற வி.90 முறைக்கு லைன் சுத்தமாக இருக்க வேண்டும். என்னுடையது ராக்வெல் சிப்; விண்டோஸின் மோடம் அமைப்பிலுள்ள கூடுதல் கட்டளைப் பெட்டியில் ‘+எம்எஸ்=11’ கொடுத்தால் வி.34 என்ற பழைய முறையிலேயே நிற்கும், உச்சம் 33.6கே. மழை நாளில் 31,200-இல் இணைந்து இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தது. 48,000-இல் பத்து நிமிடம் ஓடி, அறுந்து, மறுபடி டயல் செய்து காசைக் கரைப்பதற்கு இது எவ்வளவோ மேல். பக்கம் திறக்க நேரமாகும், தேநீர் கலக்கிக்கொண்டு வரலாம்.

2005-இல் ஓர் இடியில் மோடம் செத்தது. மின்சார வயரைக் கழற்றியிருந்தேன், போன் வயரை மறந்துவிட்டேன். பிறகு பிராட்பேண்ட் போட வந்தவர் லைனைச் சோதித்துவிட்டு, வீட்டு வயர் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சமையலறைப் போன் எப்போது திரும்பி வரும் என்று அம்மா அவரிடமே கேட்டார்.