கிளாட்டுக்குப் படித்த வருடம்: எது கைகொடுத்தது, எது பரணுக்குப் போனது

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வை 2023 டிசம்பரில் எழுதினேன். இப்போது சட்டம் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது காசு கொடுத்து வாங்கியதில், நேரம் கொடுத்துப் பழகியதில் எதெல்லாம் தேறியது என்று இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும்.

பெயர்தான் சட்ட நுழைவுத் தேர்வு, உள்ளே சோதிப்பது வாசிப்பு வேகத்தை. 120 நிமிடம், 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஒரு பத்தி 450 சொல் வரை இருக்கும், அதன் கீழே சில கேள்விகள். 2020-இலிருந்துதான் இப்படி எல்லாமே பத்தியாக மாறியது, அப்போது 150 கேள்வி. 120 ஆனது எங்கள் வருடம். அறிவிப்பு வருவதற்குள் பலர் 150 கேள்வி மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தொகுப்புகளை வாங்கி முடித்திருந்தார்கள்.

நான் சேர்ந்த கோச்சிங் சென்டரின் பெயர் வேண்டாம். தலையணை மாதிரி நோட்ஸ் கொடுத்தார்கள். முழுக்க லத்தீன் சட்டத் தொடர்கள், ஐபிசி எனும் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். பழைய கேள்வி முறைக்கு அச்சடித்ததை அட்டையில் மட்டும் வருடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். தேர்வில் அதில் ஒரு பக்கம்கூட உதவவில்லை. ஆனால் வாராவாரம் வைத்த மாக் டெஸ்ட் உருப்படியான விஷயம். நிஜத் தேர்வு போலவே ஓஎம்ஆர் தாள், பால்பாயின்ட் பேனா. வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்பது மொபைல் ஆப்பில் விடையைத் தட்டிப் பழகியவர்களுக்குப் புரியவே புரியாது.

லீகல் ரீசனிங், அதாவது பத்தியில் தரும் சட்ட விதியைச் சம்பவத்துக்குப் பொருத்தும் பகுதி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாகப் படிக்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி (கண்டிப்பான பொறுப்பு) பற்றி ஒரு பத்தி வருகிறது என்று வையுங்கள். ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் வைத்திருப்பவர், அது வெளியேறிச் சேதம் செய்தால் பொறுப்பாளி. மூன்றாம் ஆள் செய்த காரியத்தால் வெளியேறியிருந்தால் பொறுப்பில்லை. இவ்வளவுதான் பத்தியில் இருக்கிறது. கேள்வியில் ஒரு ரசாயன ஆலை, யாரோ வெளியாள் உள்ளே புகுந்து வால்வைத் திறந்துவிட்டான். 1985-இல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கைப் படித்தவருக்கு உடனே கை பரபரக்கும். அபாயகரமான தொழிற்சாலைக்கு விதிவிலக்கே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே! ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. ஆலை பொறுப்பில்லை என்பதுதான் சரியான விடை. தெரிந்த சட்டத்தை வாசலில் விட்டுவிட்டு, கொடுத்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் மாக் டெஸ்டைத் திருத்தி உட்கார்ந்து பார்க்கும்போதுதான் வந்தது. ஒவ்வொரு தப்பான விடைக்கும் பத்தியில் எந்த வரி அதைத் தப்பாக்குகிறது என்று அடிக்கோடு போடுவேன். மாக் எழுதிய நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் போனது.

கரன்ட் அஃபேர்ஸ் இதற்கு நேர் எதிர். பத்தி சும்மா பெயருக்குத்தான், கேள்வி பெரும்பாலும் பத்திக்கு வெளியே இருக்கும். தெரிந்தால் தெரியும், அவ்வளவுதான். அதற்காக மாத இதழ்த் தொகுப்புகளை மனப்பாடம் செய்வதைவிட, தி இந்துவில் ஒரு செய்தியைப் பிடித்து அதன் பின்கதையைத் தேடிப் படித்தது எனக்கு அதிகம் நின்றது. தலையங்கம் வாசித்ததில் ஆங்கிலப் பகுதிக்கும் லாஜிக்கல் ரீசனிங்குக்கும் சேர்த்தே பயிற்சி கிடைத்துவிட்டது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர்கள் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே நாளிதழைக் கையில் எடுத்தால்தான் ஈடுகொடுக்க முடியும்.

கணக்கு பத்திலிருந்து பதினான்கு கேள்விதான். சதவீதம், விகிதம், சராசரி. பயந்து மொத்தமாக விடுகிறவர்கள் நிறைய. பத்தாம் வகுப்புப் புத்தகமே போதும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். தேர்வு மதியம் 2 முதல் 4 மணி வரை. சாப்பிட்டதும் கண் சொருகுகிற நேரம். காலையில் மாக் எழுதிப் பழகியவர்களுக்கு அன்றைக்குத்தான் இது உறைக்கும். கடைசி இரண்டு மாதம் நான் மதியத்தில்தான் எழுதினேன்.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வும் டிசம்பரில்தான் வந்து நிற்கும். கிளாட்டுக்காக அதைக் கைவிடாதீர்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் வேண்டும். ஆனால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழ் வரும் அரசுச் சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகின்றன, அரசுக் கல்லூரிகளில் கட்டணமும் மிகக் குறைவு. என்னோடு கோச்சிங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இப்போது அங்கேதான் படிக்கிறார்கள்.