நாமே மாதிரி எடுக்கும் எச்பிவி சோதனை: நல்ல கருவி, அரைகுறை அறிக்கை

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே தடுக்க உதவும் எச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ்) சோதனைக்கு, மாதிரியை நாமே எடுக்கும் பெட்டியை வாங்கினேன். மென்மையான சிறு பிரஷ். உள்ளே விட்டு மெல்லச் சுழற்றி, குழாயில் போட்டு மூடினால் சரி, வேலை முடிந்தது. வலியே இல்லை. கூச்சத்தால் தள்ளிப்போடும் பெண்களுக்கு இது பெரிய வரம்.

அறிக்கைதான் ஏமாற்றம். ‘நெகட்டிவ்’ என்று ஒரே சொல். வைரஸின் எந்தெந்த வகைகளைத் தேடினார்கள்? சுமார் 70 சதவீதக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தானே காரணம்! இந்த வைரஸின் இ6 புரதம், நம் செல்லைக் காக்கும் பி53 என்ற புரதத்தை அழிக்கிறது. இ7 புரதம், செல் பிரிவுக்குக் கடிவாளம் போடும் ஆர்பி என்ற புரதத்தை முடக்குகிறது. அப்புறம் செல் பிரிவுக்கான மரபணுக்கள் கட்டுப்பாடின்றி இயங்குகின்றன. பெரும்பாலான தொற்று ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும், தங்கிவிடுவதுதான் ஆபத்து. இதைச் சொல்லும் ஒரு துண்டுத்தாளாவது பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்.