நாய்களின் லீஷ்மேனியாசிஸ்: சிகிச்சை பலிக்குமா என்பதை எந்தப் பரிசோதனை சொல்கிறது?

ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ் ஆகிய நாடுகளில் மணல் ஈக்களால் பரவும் லீஷ்மேனியா இன்ஃபன்டம் என்னும் ஒட்டுண்ணி, நாய்களுக்குத் தோல் புண், எடை குறைவு, நிணநீர்க் கட்டி வீக்கம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றை உண்டாக்குகிறது. (இந்தியாவில் காலா அசார் நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா டோனோவானி வேறோர் இனம், அது மணல் ஈ வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது.) மருந்து கொடுத்தாலும் ஒட்டுண்ணி பெரும்பாலும் உடலை விட்டு முழுமையாக நீங்குவதில்லை. ஆகவே, நாய் எத்தனை காலம் நலமாக இருக்கும், நோய் எப்போது திரும்பும் என்பவற்றை முன்கூட்டிக் கணிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. இக்கணிப்புக்குப் பயன்படும் பரிசோதனைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

நாய் வளர்ப்போர் முதலில் கேட்பது, ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் இரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவைத்தான். நோயைக் கண்டறிய அது மிகவும் உதவுகிறது; நோய்க்குறிகள் உள்ள நாயிடம் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் ஐயத்துக்கு இடம் குறைவு. ஆனால், சிகிச்சை எப்படிப் போகும் என்பதை அது தாமதமாகவே காட்டுகிறது. அளவு இறங்குவதற்கு மாதங்கள் ஆவதால், சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்துக்கு முன் அதைத் திரும்பப் பார்ப்பதில் பயன் இல்லை. ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடவும் இயலாது. தேறிவந்த நாயிடம் அந்த அளவு பின்னர் வெகுவாக உயர்ந்தால் மட்டும், நோய் திரும்புகிறதோ என்று கவனிக்க வேண்டும்.

ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை அதன் அளவையே எண்ணிக் காட்டுவதால் இதைவிட நம்பகமானதாகத் தோன்றும். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ நிணநீர்க் கட்டியிலிருந்தோ மாதிரி எடுத்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்; வெறும் இரத்தத்தில் ஒட்டுண்ணி தென்படாமற்போக வாய்ப்பு அதிகம். அதோடு, உடலில் எத்தனை ஒட்டுண்ணிகள் உள்ளன என்பதைவிட, அவற்றால் உறுப்புகள் எவ்வளவு கெட்டுள்ளன என்பதே நாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சி-ரியாக்டிவ் புரதம் சில நாட்களிலேயே மாறுவதால் மருந்து வேலை செய்யத் தொடங்கியதை விரைவாக உணர்த்தும். ஆயினும் வேறெந்த அழற்சியிலும் அது உயரும்.

சிறுநீரில் இறங்கும் புரதத்தையே இவை அனைத்துக்கும் மேலாக வைப்பேன். இந்நோயில் எதிர்ப்பொருளும் ஒட்டுண்ணியின் புரதமும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகளில் படிந்து அவற்றைக் கெடுக்கின்றன. நோயால் இறக்கும் நாய்களில் பலவும் சிறுநீரகம் செயலிழந்தே இறக்கின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உயர்வதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி வேலை செய்யாமற்போயிருக்கும். புரதமோ அதற்கு வெகு முன்பே கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.2-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 0.5-ஐத் தாண்டினால் கசிவு உறுதி. எனினும் சிறுநீரை முதலில் சுழற்றி, அடியில் தங்கும் படிவை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்றோ இரத்தமோ இருந்தால் விகிதம் பொய்யாக உயரும். அதை நம்பி ஒரு நாயைக் கைவிடுவது பெரும் அநியாயம். நாளுக்கு நாள் விகிதம் மாறுவதால், இரண்டு மூன்று மாதிரிகளின் சராசரியே பொருத்தமானது.

லீஷ்வெட் என்னும் வல்லுநர் குழுவின் நான்கு கட்ட வகைப்பாடு, நோய்க்குறிகளையும் எதிர்ப்பொருளையும் இந்தச் சிறுநீரகக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறது. முதற்கட்ட நாய்க்கு எதிர்காலம் நல்லது. நான்காம் கட்டத்தில், அதாவது இரத்தத்தில் கிரியேட்டினின் வெகுவாக உயர்ந்திருந்தாலோ விகிதம் 5-ஐத் தாண்டியிருந்தாலோ, நம்பிக்கை குறைவு. இடையிலுள்ள மூன்றாம் கட்டந்தான் சிக்கலானது. அதனுள் அடங்கும் நாய்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுவதால், கட்டத்தின் பெயர் மட்டும் போதாது. முதல் மாத முடிவில் விகிதம் இறங்கியதா, இரத்தப் புரதமான அல்புமின் ஏறியதா என்பவற்றைக் கொண்டே அங்கே கணிக்க வேண்டும்.

மருந்தின் தேர்வும் இங்கேயே வந்து சேர்கிறது. மெக்லுமைன் ஆன்டிமோனியேட் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. வாய்வழியாக 28 நாட்கள் கொடுக்கும் மில்டெஃபோசின் அவ்வாறு வெளியேறாததால், சிறுநீரகம் தளர்ந்த நாய்க்குப் பலரும் அதையே விரும்புகின்றனர். இரண்டோடும் சேர்த்து மாதக்கணக்கில் தரப்படும் அலோப்யூரினால் என்னும் மருந்து, சிறுநீரில் சாந்தின் படிகங்களை உண்டாக்கக்கூடும். அதையும் காட்டிக்கொடுப்பது அதே சிறுநீர்ப் படிவுதான். ஆகவே முதல் மாதத்திலும், பிறகு முதலாண்டு முழுவதும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த ஒரு மாதிரியைத் தள்ளிப்போடாமல் எடுத்துச் செல்லுங்கள்.